ஆடுகளமும் அரசியலும்: மௌனம் கோருவோருக்கு ஒரு மறுப்பு

விளையாட்டு வீரர்கள் அரசியல் பேசக்கூடாது என்ற கருத்து, அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாளிதழ்ப் பத்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அணி உரிமையாளர்களின் அறிக்கைகளிலும் இடைவிடாமல் ஒலித்து, விளக்கமே தேவைப்படாத பொதுப்புத்தியாக நிலைபெற்றுவிட்டது. இனப்பாகுபாடு குறித்து ஒரு வீரர் வாய் திறந்ததும் இக்கருத்து நான்கு வாதங்களாகப் பிரிந்து அவரை எதிர்கொள்கிறது. ஆடுகளம் எல்லோருக்கும் பொதுவான இடமாதலால் அங்கே அரசியலுக்கு இடமில்லை என்பது முதல் வாதம். கோடிக்கணக்கில் ஊதியம் பெறுபவர் ஒடுக்குமுறை பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறார் என்பது இரண்டாவது. ஓடவும் பந்தெறியவும் கற்றவருக்குச் சட்டமும் சமூகமும் எங்ஙனம் விளங்கும் என்பது மூன்றாவது. இன அநீதியால் நேரடியாகப் பாதிக்கப்படாத வேற்றினத்தார் அதில் தலையிட உரிமையற்றவர்கள் என்பது நான்காவது.

இந்நான்கு வாதங்களும் ஒன்றுக்கொன்று துணை நிற்பதுபோல் தோன்றினாலும், வரலாற்றின் முன் நிறுத்திச் சோதித்தால் நான்குமே உடைகின்றன. ஆடுகளம் ஒருபோதும் அரசியலற்றதாக இருந்ததில்லை. அதிகாரத்தில் இருப்போருக்கு இசைந்த அரசியல் அங்கே எப்போதும் வரவேற்கப்பட்டது, இசையாதது மட்டுமே விதிமீறலாகத் தண்டிக்கப்பட்டது. பேசும் உரிமை ஒருவரது குடியுரிமையிலிருந்தும் மனச்சான்றிலிருந்தும் பிறப்பது. அதை வங்கிக் கணக்கோ தொழிலோ தோலின் நிறமோ கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

முதல் வாதத்தை அதன் மிக உயர்ந்த மேடையான ஒலிம்பிக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1968 அக்டோபர் 16 அன்று மெக்சிகோ நகரில் ஆடவர் 200 மீட்டர் ஓட்டத்தில் 19.83 வினாடியில் உலக சாதனையுடன் வென்ற டாமி ஸ்மித்தும், மூன்றாமிடம் பெற்ற ஜான் கார்லோஸும், பதக்க மேடையில் தம் நாட்டுக் கீதம் ஒலித்தபோது தலை குனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நின்றார்கள். கறுப்பின மக்களின் வறுமையைச் சுட்டும் வகையில் அவர்கள் காலணி இன்றிக் கறுப்புக் காலுறையுடன் மேடை ஏறியிருந்தார்கள். அவர்களை அணியிலிருந்து நீக்கி ஒலிம்பிக் கிராமத்தைவிட்டு, அதாவது வீரர்கள் தங்கியிருந்த குடியிருப்பைவிட்டு, வெளியேற்றச் செய்தவர் அன்றைய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜ். அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி முதலில் தயங்கியபோது, அந்நாட்டின் தடகள அணி முழுவதையுமே விலக்க நேரும் என்ற மிரட்டல் அதைப் பணியவைத்தது. இதே பிரண்டேஜ்தான் 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று எழுந்த கோரிக்கையை அமெரிக்காவில் முறியடித்தவர். அப்போட்டியின் பதக்க மேடைகளில் ஜெர்மானிய வீரர்கள் கை நீட்டிச் செய்த நாஜி வணக்கம் அவருக்கு ஆட்சேபத்துக்கு உரியதாகத் தோன்றவில்லை. ஓர் அரசின் இனவெறிக்கு இசைந்து நீண்ட கை தேசிய மரபாக ஏற்கப்பட்டதும், இனவெறிக்கு எதிராக உயர்ந்த கை அரசியலாகத் தண்டிக்கப்பட்டதும் ஒரே மனிதரின் பொதுவாழ்க்கைக்குள் நிகழ்ந்தவை.

அதே மெக்சிகோ போட்டிகளில் வேறு அரசியலும் இருந்தது. தொடக்க விழாவுக்குப் பத்து நாட்களுக்கு முன், அக்டோபர் 2 அன்று, அந்நகரின் டிலாடெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்கள்மீதும் பொதுமக்கள்மீதும் அரசுப் படைகள் துப்பாக்கிச் சூடு நடத்தின. அதன் பின்னரும் போட்டிகள் திட்டமிட்டபடியே நடைபெற்றன. அம்முடிவு நடுநிலை என்று கருதப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவை அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் ஆக்கிரமித்திருந்த நிலையில், அந்நாட்டு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா, சோவியத் கீதம் இசைக்கப்பட்டபோது பதக்க மேடையில் தலையைத் தாழ்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒலிம்பிக் கமிட்டி அவரை வெளியேற்றவில்லை. தண்டனை பின்னர் அவருடைய சொந்த நாட்டு அரசிடமிருந்தே வந்தது. கனரகக் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற ஜார்ஜ் ஃபோர்மன் சிறு அமெரிக்கக் கொடியை வளையத்தில் அசைத்துக் காட்டியபோது, பலர் அதை ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் தரப்பட்ட மறுமொழியாகவே வாசித்து மகிழ்ந்தார்கள். இத்தனை சைகைகளில் இரண்டு பேருடைய சைகை மட்டுமே ஒலிம்பிக்கின் தூய்மையைக் கெடுத்ததாக அறிவிக்கப்பட்டது என்றால், அங்கே காக்கப்பட்டது தூய்மை அன்று என்பது தெளிவு.

அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் தேசபக்திக் காட்சிகள் பெற்றுள்ள இடமும் இதையே காட்டுகிறது. 2012 முதல் தொழில்முறை விளையாட்டு அணிகளுடன் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தங்களை ஆராய்ந்த ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃப்ளேக் என்ற இரு குடியரசுக் கட்சி செனட்டர்கள், மைதானத்தில் கொடி விரிப்பதும் படைவீரர்களைக் கௌரவிப்பதும் உள்ளிட்ட தேசபக்திக் காட்சிகளுக்காக அரசுப் பணம் செலவிடப்பட்டதை 2015இல் வெளியிட்ட அறிக்கையில் அம்பலப்படுத்தினார்கள். அவர்கள் கணக்கிட்ட தொகை சுமார் 68 லட்சம் டாலர். பார்வையாளர்கள் தன்னெழுச்சியானவை என்று நம்பிக் கைதட்டிய காட்சிகளில் சில விலைகொடுத்து வாங்கப்பட்டவை. அரசின் செய்தி கட்டணத்துடன் நுழையலாம், வீரரின் செய்தி கட்டணமின்றியும் நுழையலாகாது என்ற ஏற்பாட்டை நடுநிலை என்று அழைப்பது நேர்மையான வழக்கு அன்று.

விளையாட்டிலிருந்து விலகி நிற்பது மட்டுமே அரசியல், ஆடுவது அரசியலன்று என்ற எண்ணமும் இங்கே களையப்பட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி, அதாவது மக்களைத் தோல் நிறப்படி சட்டத்தாலேயே பிரித்து வைத்த ஆட்சி, தன் அணிகளை வெள்ளையரைக் கொண்டே அமைத்தது. அவ்வணியுடன் ஆடிய ஒவ்வொரு நாடும் அந்தத் தெரிவுமுறையை ஏற்றே ஆடியது. கேப் டவுனில் பிறந்த கலப்பினத்தவரான பேஸில் டி'ஒலிவேரா, தென்னாப்பிரிக்கா செல்லவிருந்த இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியில் 1968இல் சேர்க்கப்பட்டதும், அந்தச் சுற்றுப்பயணம் நடக்க முடியாதபடி செய்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர். 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிச் சுற்றுக்கு முன்னேறிய இந்தியா, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆட மறுத்தது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்றிருந்த அந்த அணி விட்டுக்கொடுத்த கோப்பையை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. அந்த இழப்பு பெரிது. ஆனால் ஆடியிருந்தால் அரசியலற்ற ஒரு போட்டி நடந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

செல்வம் பற்றிய இரண்டாம் வாதம் பலருடைய மனத்தில் எளிதாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், அதில் நன்றியுணர்ச்சி பற்றிய ஒரு மறைமுகக் கோரிக்கை பொதிந்திருப்பதே. நாடு இவ்வளவு தந்த பின்னும் குறை கூறுவது முறையா என்று கேட்பவர்கள், ஊதியம் என்பது உழைப்புக்குக் கிடைத்த விலை, மனச்சான்றுக்குக் கொடுக்கப்பட்ட முன்பணமன்று என்பதை மறந்துவிடுகிறார்கள். வறியவர் அநீதியைச் சுட்டினால் அது பொறாமை என்றும், செல்வர் சுட்டினால் அது நன்றிகேடு என்றும் சொல்லப்படுமாயின், அநீதியைச் சுட்டத் தகுதியானவர் எவருமே மிஞ்சுவதில்லை. எவரும் மிஞ்சக்கூடாது என்பதே இவ்வாதத்தின் விளைவு.

அதைவிட முக்கியமாக, செல்வம் கறுப்பினத்தவரை இனப்பாகுபாட்டிலிருந்து காப்பாற்றுகிறது என்ற அனுமானமே பொய். டென்னிஸ் தரவரிசையில் ஒருகாலத்தில் உலகின் நான்காம் இடத்தில் இருந்த ஜேம்ஸ் பிளேக், 2015 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் போட்டிக்குச் செல்வதற்காக நியூயார்க் ஹோட்டல் ஒன்றின் வாசலில் காத்திருந்தபோது, சீருடை அணியாத காவலர் ஒருவர் பாய்ந்து அவரைத் தரையில் வீழ்த்திக் கைவிலங்கிட்டார். ஆள் மாறாட்டம் என்பது பின்னரே தெரிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கூடைப்பந்து வீரர் தாபோ செஃபலோஷாவின் கால் எலும்பு நியூயார்க் காவலர்கள் அவரைக் கைதுசெய்தபோது முறிந்தது. நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 2017இல் லெப்ரான் ஜேம்ஸின் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டு வாயிலில் இனவெறி வசைச்சொல் எழுதப்பட்டது. புகழும் பணமும் இருந்தவர்களுக்கே இந்நிலை என்றால், அவை இல்லாதவர்களின் நிலை பற்றி இவர்கள் பேசுவது அவர்களுடைய எல்லைக்கு உட்பட்ட பேச்சே.

பேசிய வீரர்கள் எதையும் இழக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் உண்மைக்கு மாறானது. 1967 ஏப்ரலில் வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேர்க்கையை மறுத்த முகமது அலி, உலகச் சாம்பியன் பட்டத்தையும் சண்டையிடும் உரிமத்தையும் இழந்து, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனைக்கும் 10,000 டாலர் அபராதத்துக்கும் உள்ளானார். மேல்முறையீட்டால் சிறைக்குச் செல்லவில்லை என்றாலும், 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், அவர் வளையத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். 1971இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தபோதும் அந்த ஆண்டுகள் திரும்பவில்லை. காவல்துறை வன்முறைக்கும் இனப்பாகுபாட்டுக்கும் எதிராக 2016இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக், அணியின் தாக்குதலை நடத்திச் செல்லும் க்வார்ட்டர்பேக் என்ற பொறுப்பில் தன் அணியைச் சூப்பர் பவுல் இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்றவர்; அப்பருவம் முடிந்தபின், 29 வயதில், எந்த அணியும் அவரை ஒப்பந்தம் செய்யவில்லை. அணி உரிமையாளர்கள் கூடிப்பேசித் தம்மை ஒதுக்குகிறார்கள் என்று அவர் தொடுத்த முறையீட்டை லீக் 2019இல் சமரசத்தில் முடித்துக்கொண்டது.

அறியாமை பற்றிய மூன்றாம் வாதம், 2018இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் லாரா இங்கிரஹாம் லெப்ரான் ஜேம்ஸை வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டும்படி சொன்னபோது அப்பட்டமான வடிவம் பெற்றது. இவ்வாதம் இரண்டு வெவ்வேறு செயல்களை ஒன்றாகக் குழப்புகிறது. தனக்கும் தன்னைப் போன்றோருக்கும் நேர்ந்ததைச் சொல்வது சாட்சியம். அதைச் சரிசெய்ய எந்தச் சட்டம் வேண்டும் என்று வகுப்பது கொள்கை. கொள்கைக்கு நிபுணத்துவம் வேண்டியிருக்கலாம். சாட்சியத்துக்கு உண்மை மட்டும் போதும். மேலும், வீரர்கள் கொள்கை அளவிலும் வெறுங்கையுடன் வந்தவர்கள் அல்லர். ஸ்மித்தும் கார்லோஸும் சார்ந்திருந்த 'மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம்' என்ற அமைப்பு, சான் ஹோசே ஸ்டேட் கல்லூரியில் கற்பித்த ஹாரி எட்வர்ட்ஸ் என்ற சமூகவியலாளரின் தலைமையில் 1967இல் உருவானது. முகமது அலியின் பட்டத்தைத் திருப்பித் தருதல், பிரண்டேஜைப் பதவியிலிருந்து நீக்குதல், கறுப்பினப் பயிற்சியாளர்களைக் கூடுதலாக நியமித்தல், தென்னாப்பிரிக்காவையும் ரொடீஷியாவையும் ஒலிம்பிக்கிலிருந்து விலக்குதல் என அதன் கோரிக்கைகள் ஒவ்வொன்றும் நிறைவேற்றத்தக்கவையாக, பெயர் சொல்லிக் கேட்கப்பட்டவையாக இருந்தன.

வீரர்களின் அறிவு பற்றிய கவலை, அவர்களுடைய பேச்சு அதிகாரத்துக்குத் தேவைப்படும்போது மறைந்துவிடுவதும் கவனிக்கத்தக்கது. கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சன், சோவியத் ஒன்றியத்துக்கு எதிராகக் கறுப்பினத்தவர் போரிட மாட்டார்கள் என்ற பொருளில் பேசியதாகச் செய்தி வந்தபோது, அதை மறுப்பதற்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 1949 ஜூலையில் அழைத்தது பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனை. இன உறவுகளையும் தேசப் பற்றையும் பற்றி ஒரு பேஸ்பால் வீரர் என்ன சொல்ல முடியும் என்று அன்று அந்தக் குழு தயங்கவில்லை. 1968இல் மெக்சிகோவில் கொந்தளித்த வீரர்களை அமைதிப்படுத்த அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி அனுப்பியதும் 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் நாயகர் ஜெஸ்ஸி ஓவன்ஸைத்தான். வீரரின் வாய்மொழிக்கு எடை உண்டு என்பதை நிறுவனங்கள் நன்றாகவே அறிந்திருந்தன. ராபின்சனோ தம் இறுதி ஆண்டில், 1972இல், வெளிவந்த தன்வரலாற்றில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாடத் தம்மால் இயலவில்லை என்று பதிவுசெய்தார். அந்தக் குரலுக்கு எந்த நாடாளுமன்றக் குழுவும் மேடை அமைக்கவில்லை.

நான்காம் வாதம் மற்றவற்றைவிட நுட்பமானது. இது இரு தரப்பிலிருந்தும் வருகிறது: உனக்குச் சம்பந்தமில்லாத விவகாரத்தில் ஏன் தலையிடுகிறாய் என்று வெள்ளையரை வெள்ளையரே அதட்டுவது ஒரு வகை, அனுபவிக்காதவர் பேசினால் அனுபவித்தவரின் இடம் பறிபோகும் என்று பாதிக்கப்பட்டோர் அஞ்சுவது இன்னொரு வகை. இரண்டாவது அச்சத்துக்கு நியாயம் உண்டு. கறுப்பினத்தவரின் துயரம் வேற்றினத்தார் புகழ் தேடும் மேடையான நிகழ்வுகள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன. ஆனால் இந்த அச்சத்துக்கு விடை மௌனம் அன்று. எங்கே நின்று பேசுவது என்பதில் காட்டும் ஒழுக்கமே அதற்கு விடை.

அந்த ஒழுக்கத்துக்கு மெக்சிகோ மேடையின் மூன்றாம் மனிதரே சான்று. 20.06 வினாடியில் இரண்டாமிடம் பெற்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன் வெள்ளையர். ஸ்மித்தும் கார்லோஸும் செய்யவிருந்ததை விழாவுக்கு முன்பே அறிந்து, அதற்குத் துணை நிற்பதாகச் சொன்னார். கார்லோஸ் தம் கையுறைகளை மறந்து வந்ததால், இருந்த ஓர் இணையை இருவரும் பகிர்ந்து அணியலாம் என்று யோசனை கூறியவர் அவரே. ஸ்மித் வலக் கையையும் கார்லோஸ் இடக் கையையும் உயர்த்தியதற்கு அதுவே காரணம். நார்மன் தம் முஷ்டியை உயர்த்தவில்லை. 'மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம்' அமைப்பின் சிறு பேட்ஜ் ஒன்றை, பால் ஹாஃப்மன் என்ற வெள்ளை அமெரிக்கப் படகோட்டக் குழு வீரரிடமிருந்து வாங்கி, மார்பில் குத்திக்கொண்டு, நேராகப் பார்த்தபடி நின்றார். கறுப்பினத்தவரின் அனுபவத்தைத் தமதாக அவர் உரிமை கோரவில்லை. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது என்று தம் பெயரில் சான்றளித்தார். பழங்குடி மக்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கே 1967 வரை ஒரு பொதுவாக்கெடுப்புக்குக் காத்திருந்த ஆஸ்திரேலியாவின் குடிமகனுக்கு, இனப்பாகுபாடு அயலார் விவகாரமாக இருந்திருக்கவும் முடியாது. 2006இல் நார்மன் மறைந்தபோது, ஸ்மித்தும் கார்லோஸும் ஆஸ்திரேலியா சென்று அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். அவருக்குப் பேச உரிமை உண்டா என்ற கேள்விக்கு அதைவிடத் தகுதியான தீர்ப்பை வேறு எவரும் வழங்க முடியாது.

இனம் கடந்த அதே துணை ஜிம்பாப்வேயிலும் வெளிப்பட்டது. 2003 பிப்ரவரியில் ஹராரேயில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டத்தின்போது ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் இறந்துவிட்டது என்பதற்குத் துக்கம் காட்டிக் கறுப்புக் கைப்பட்டை அணிந்த இருவரில், ஹென்றி ஒலோங்கா அந்நாட்டுக்காக ஆடிய முதல் கறுப்பின வீரர், ஆண்டி ஃபிளவர் வெள்ளையர். ஒருவர் மட்டும் அணிந்திருந்தால் அது ஓர் இனத்தின் மனக்குறையாகச் சுருக்கப்பட்டிருக்கும். இருவரும் சேர்ந்து அணிந்ததாலேயே அது ஒரு நாட்டின் முறையீடாகக் கேட்கப்பட்டது. இருவரும் அந்த நாட்டையே விட்டு வெளியேற நேர்ந்தது.

இவ்வளவும் ஏற்கப்பட்டாலும் வலுவான ஓர் எதிர்ப்பு எஞ்சுகிறது: இத்தகைய செயல்கள் ரசிகர்களைப் பிளவுபடுத்துகின்றன, பேச விரும்பாத வீரர்களையும் நெருக்குகின்றன என்பது. இதன் பிற்பாதி முழுவதும் உண்மை. 2021 அக்டோபரில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வாரியம் தன் அணி முழுவதும் மண்டியிட வேண்டும் என்று ஆணையிட்டதும், குவின்டன் டி காக் அந்த ஆட்டத்திலிருந்து விலகினார். ஆணையின் பேரில் மண்டியிடுவது, ஆணையின் பேரில் எழுந்து நிற்பதைப் போலவே மனச்சான்றைப் பறிக்கும் செயல். கேப்பர்னிக்கின் உரிமையைக் காப்பவர்கள் இதையும் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆனால் முற்பாதி ஏற்கத்தக்கது அன்று. 2016 ஜூலையில் மினசோட்டா லிங்க்ஸ் மகளிர் கூடைப்பந்து அணியினர் பயிற்சியின்போது அணிந்த சட்டையில், காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட ஃபிலாண்டோ காஸ்டீல், ஆல்டன் ஸ்டெர்லிங் ஆகியோரின் பெயர்களுடன், அதே வாரத்தில் டாலஸ் நகரில் கொல்லப்பட்ட காவலர்களுக்காக அந்நகரக் காவல்துறையின் சின்னமும் பொறிக்கப்பட்டிருந்தது. இரு தரப்பு இறப்புக்கும் துக்கம் காட்டிய அந்தச் சட்டையைக் கண்டும், அரங்கில் காவல் பணிக்கு வந்திருந்த காவலர்கள் நால்வர் பணியைவிட்டு வெளியேறினார்கள். பிளவு அந்தச் சட்டையால் உண்டானதில்லை. முன்பே இருந்த பிளவு அதனால் வெளித்தெரிந்தது.

இந்தப் பொதுப்புத்திக்கு எதிரான இறுதிச் சான்றை அதைக் காத்துவந்த நிறுவனங்களே வழங்குகின்றன. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை ஏற்ற அழைக்கப்பட்டவர், நோயால் கை நடுங்கிய, பேச்சு ஏறத்தாழ அடங்கிய முகமது அலி. 1994 காமன்வெல்த் போட்டியில் பழங்குடியினர் கொடியை ஏந்தி ஓடியதற்காகத் தம் அணித் தலைமையாலேயே கண்டிக்கப்பட்ட கேத்தி ஃப்ரீமன், 2000இல் சிட்னி ஒலிம்பிக் சுடரை ஏற்றினார். மெக்சிகோவிலிருந்து நாடு திரும்பிய நார்மன் நடத்தப்பட்ட விதத்துக்காக ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவை 2012இல் மன்னிப்புக் கோரியது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஸ்மித்தும் கார்லோஸும் 2019இல், அதாவது 51 ஆண்டுகளுக்குப் பின், தங்களை விரட்டிய அதே அமெரிக்க ஒலிம்பிக் அமைப்பின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள். வீரர்கள் சொன்னதை முன்பே கேட்கத் தவறியது பிழை என்று அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஆணையர் ராஜர் குடெல் 2020 ஜூனில் ஒப்புக்கொண்டபோதும், கேப்பர்னிக்கின் பெயரை உச்சரிக்கவில்லை.

காலம் கடந்து வரும் இத்தகைய கௌரவங்களை நிறுவனங்களின் பெருந்தன்மையாகப் பாராட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு: நேற்றைய வீரரைப் போற்றிக்கொண்டே இன்றைய வீரரைத் தண்டிக்கும் வசதியை அது தருகிறது. பதக்க மேடையில் எந்தச் சைகையும் கூடாது என்ற தடையை ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆம் விதி இன்றும் தாங்கி நிற்கிறது; 2021இல் டோக்கியோ போட்டிகளுக்குமுன் ஆட்டத்துக்கு முந்தைய கணங்களில் மட்டும் சற்றுத் தளர்த்தப்பட்ட அவ்விதி, மேடையைப் பொறுத்தவரை பிரண்டேஜின் காலத்திலேயே நிற்கிறது. ஸ்மித்தையும் கார்லோஸையும் உண்மையிலேயே மதிப்போர், அவர்கள் நின்ற அதே மேடையில் அதே செயலைச் செய்யும் அடுத்த வீரர் தண்டிக்கப்படாதபடி அவ்விதியைத் திருத்த வேண்டும். லீக் ஒப்பந்தங்களில் மனச்சான்றின் பேரில் செய்யப்படும் அமைதியான செயலுக்குப் பாதுகாப்பு எழுத வேண்டும். ஒரு வீரர் அநீதி ஒன்றைச் சுட்டும்போது கேட்கத்தக்க கேள்வி, அவர் சொல்வது உண்மையா என்பது ஒன்றே. அதற்கு விடை சொல்லும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே அவருடைய வருமானமும் தொழிலும் நிறமும் விசாரிக்கப்படுகின்றன. அந்த விசாரணை நீடிக்கும்வரை, சுட்டப்பட்ட அநீதியும் பதில் சொல்ல யாருமின்றி நீடிக்கும்.